துடைத்த கை

மில் முதலாளி சிங்காரவேலரின் பழைய கார் திக்கித் திணறி ஓடியது. டிரைவர் அந்தோணிதான் கெடுத்துவிட்டானென்று முதலாளியின் ஆட்கள் அவன் விரல்களை உடைத்துவிட்டார்கள்.

"அவன் பண்ணின வேலையை எல்லார் முன்னாடியும் காட்டு. இல்லேன்னா அடுத்தது உன் கை" என்றார் முதலாளி, மெக்கானிக் காத்தமுத்துவிடம்.

காத்தமுத்து பானெட்டைத் திறந்தான். இரண்டு பிளக் வயர்கள் இடம் மாறியிருந்தன. அதைச் சொல்லவில்லை.

"வயரெல்லாம் பளபளன்னு இருக்குங்க. அந்தோணிக்கு இந்த நேர்த்தி வராதே."

"அவனை இதில் கைவைக்க விடுவேனா? நேத்து நானேதான் கழட்டித் துடைச்சு மாட்டினேன்."

காத்தமுத்து அந்த இரண்டையும் மாற்றி மாட்டினான். எஞ்சின் சீராக ஓடியது.

"மாறிக் கிடந்தது இதுதாங்க. மாட்டினது யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

கூட்டம் முதலாளியின் கைகளைப் பார்த்தது. அவர் அவசரமாக, ஓரமாக நின்ற அந்தோணியிடம் சாவியை நீட்டினார்.

"சரி, வண்டியை எடு."

அந்தோணியால் சாவியைப் பிடிக்க முடியவில்லை.