துடியன் முயலும் புடைத்த டயரும்

குளத்தின் மேல் மூடுபனி படுத்திருந்தது. கரையில் துடியன் என்ற முயல், முள் குத்திய தன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கரைக் காட்டில் அதன் குட்டிக்குக் கடும் காய்ச்சல்! பக்கத்தில் மெல்லி என்ற தேவாங்கு, மருந்துப் பச்சிலையைப் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. இலை வாடிவிட்டால் மருந்து பலிக்காது.

துடியன் டியூபைத் திணித்து, டயரை மாட்டி, விறுவிறுவென்று காற்றடித்தது.

மெல்லி தன் பெரிய கண்களால் சக்கரத்தைப் பார்த்தது.

"அண்ணே, டயர் ஒரு பக்கம் புடைச்சிருக்கு! மறுபக்கம் ரிம்முக்குள்ளே அமுங்கியிருக்கு!"

"காத்து ஏறினா தானா சரியாயிடும்! நீ ஏறி உட்காரு!"

சைக்கிள் பனிக்குள் புகுந்தது. மரங்கள் மிதந்து மிதந்து பின்னால் போயின. சக்கரம் மட்டும் 'தொம்... தொம்...' என்று குதித்தது. ஓடையருகே வந்தபோது, "டமார்!" டயர் ரிம்மை விட்டுக் கழன்று, பிதுங்கிய டியூப் வெடித்தே போயிற்று.

"ஐயோ, என் குட்டி!" துடியன் பையைத் துழாவியது. பையில் இருந்ததோ ஒரே ஒரு மாற்று டியூப். இதுவும் போனால்?

"மெல்லி, நீ பார்த்துச் சொல்லு. நீ சொல்ற வரைக்கும் ஏறமாட்டேன்!"

துடியன் டியூபில் சிறிது காற்று ஏற்றி, முறுக்கில்லாமல் உள்ளே வைத்தது. டயரின் விளிம்பைச் சுற்றிலும் விரலால் பிசைந்து அமர்த்தியது. பாதிக் காற்று அடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டது. டயர் சரியாக அமர்ந்தால் ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு தெரியும்; அந்தக் கோட்டையே இரண்டும் பார்த்தன.

"இங்கே கோடு மறையுது, அண்ணே!"

துடியன் காற்றை இறக்கி, அந்த இடத்தை மெதுவாக இழுத்துவிட்டது. மறுபடி கொஞ்சம் அடித்தது. மறுபடி சுற்றியது. இப்போது கோடு எங்கும் ஒரே அளவில் தெரிந்தது. தண்ணீரில் விரியும் வட்டம்போல, அது பனிக்குள் ஓசையில்லாமல் சுழன்றது. பார்க்கப் பார்க்கத் துடியனின் படபடப்பு அடங்கியது.

"இப்போ முழுசா அடிங்க!"

அதன்பின் சைக்கிள் மேகத்தின் மேல் போவதுபோலப் போயிற்று. வளைக்குள் நுழைந்தபோது இலை நுனி சுருண்டிருந்தது. ஆனாலும் பச்சை போகவில்லை. சாற்றைக் குடித்த குட்டி வெகுநேரம் உறங்கி எழுந்தது.

"அப்பா, பசிக்குது!"

துடியன் அதை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

அவசரமான வேலையைத்தான் ஒன்றுக்கு இரண்டு முறை நின்று பார்த்துச் செய்யவேண்டும்.