மூன்று டிகிரி

தகரக் கூரைப் பள்ளிகளில் பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பார்த்துப் பொறுக்காமல், நல்லபெருமாள் ஆறு வருஷமாக ஒரு சட்டம் கேட்டு அலைந்தார். அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பறைக்குள் சூடு முப்பத்தெட்டு டிகிரியைத் தொட்டால் பாடத்தை நிறுத்திவிட வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது.

அன்று சென்னையிலிருந்து வந்து இறங்கியவர், வீட்டுக்குப் போகாமல் நேரே மடத்துக்கு வந்தார். அவருடைய குரு செண்பகத்தம்மை அவரைவிடப் பதினோரு வயது இளையவர். முற்றத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க பெருமாளே. சட்டம் கையில இருக்கா, பையில இருக்கா?"

"வாசல் வரைக்கும் வந்திருச்சு தாயே. ஆனா முப்பத்தெட்டு ஆகாதாம். நாப்பத்தொண்ணுன்னா போடுறாங்களாம். மனுக் கொடுத்தவன்கிற முறையில, நாளைக்குப் பத்து மணிக்குள்ள நான் கலெக்டர் ஆபீஸ்ல சம்மதம் எழுதிக் கொடுக்கணும். இல்லேன்னா இந்த வருஷம் கிடையாது."

"நாப்பத்தொண்ணு யார் கணக்கு?"

"ஏ.சி. ரூம்ல பேசிப் பேசி வந்த கணக்கு."

அவர் சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை.

"கையெழுத்துப் போடலாமா தாயே?"

"போன கோடையில நம்ம ஊர்ல விழுந்த பிள்ளைகளை எழுதி வச்சிருப்பீங்களே. வாசிங்க."

நோட்டில் ஒன்பது பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அன்றைக்கு வகுப்பில் இருந்த சூடு.

"மாடக்கண்ணு, நாப்பத்திரண்டு."

அம்மை ஓர் உளுந்தை எடுத்து நிழலில் வைத்தார்.

"சுடலைவடிவு, முப்பத்தொன்பது."

அடுத்த உளுந்தைத் தனியே வெயிலில் வைத்தார்.

அவர் வாசிக்க வாசிக்க, நாற்பத்தொன்றும் அதற்கு மேலும் நிழலுக்குப் போயின. குறைந்தவை வெயிலில் கிடந்தன. கடைசிப் பெயருக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"இசக்கித்தாய். நாப்பது."

அந்தப் பிள்ளை மட்டும் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

நிழலில் மூன்று. வெயிலில் ஆறு. நல்லபெருமாள் இரண்டு முறை எண்ணினார்.

"ஒத்துக்கிட்டா இந்த ஆறும் போச்சு."

"ஆமா."

"மறுத்தா அந்த மூணும் சேர்ந்து போச்சே தாயே!"

"ஆமா."

"அப்போ நான் என்னதான் செய்ய?"

"ஒன்பது வீட்டுலயும் போய்க் கேளுங்க. அப்புறம் எழுதுங்க."

பொழுது சாய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அவர் நோட்டை மூடினார். எழுந்தார். படி வரைக்கும் போய் நின்றுவிட்டார்.

"முதல்ல எந்த வீட்டுக்குப் போகட்டும்?"

"எந்த வீட்டுக்குப் போகக் கால் வரலையோ, அங்க."