பறந்து போன புல்வெளி

ஏரிக்கரைக் காட்டில் பூங்காவனம் என்றொரு முயல் வசித்தது. அதன் வளைக்கு முன்னால் ஒரு முற்றம். முற்றம் முழுக்க அருகம்புல்.

அந்தக் காட்டில் முற்றம் இல்லாத விலங்கே கிடையாது. ஆனால் பூங்காவனத்தின் முற்றம் போல் இன்னொன்று இல்லை. விடிந்ததும் சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடும். தண்ணீர் மொண்டு வந்து ஊற்றும். மறுபடி ஓடும். தினமும் நாற்பது நடை! அது முடிந்ததும் வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்து, உயர்ந்து நிற்கும் புல்லையெல்லாம் முன்பற்களால் ஒரே அளவாக நறுக்கும். நறுக்கியதை விழுங்காது. துப்பிவிடும்.

"முயலாகப் பிறந்துவிட்டுப் புல்லைத் துப்புகிறீர்களே அக்கா!" என்று பக்கத்து வளை முள்ளம்பன்றி வேலாயுதம் சிரிக்கும்.

"ஒரு வாய் தின்ன ஆரம்பித்தால் நிறுத்த முடியாது தம்பி! அப்புறம் முற்றத்துக்கு மொட்டைதான்!" என்று பூங்காவனம் பதில் சொல்லும். பசி எடுத்தால் மலையடிவாரம் வரை நடந்துபோய் அங்கே காய்ந்த புல்லைத் தின்றுவிட்டு வரும்.

வேலாயுதத்தின் முற்றத்தில் கோரையும் நெருஞ்சியும் மண்டிக் கிடந்தன. யார் வேண்டுமானாலும் வந்து அங்கே உருளலாம். பூங்காவனத்தின் முற்றத்திலோ காற்றுகூடக் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்!

மைனா பூச்சி பொறுக்க இறங்கினால், "நகம் படும்! போ, போ!"

மண்புழு தலையை நீட்டினால், "உருண்டை உருண்டையாக மண்ணைத் துப்பாதே! அசிங்கம்!"

ஒருநாள் வேலாயுதம் வேலியோரம் நின்று மோப்பம் பிடித்தது. "அக்கா, உங்கள் புல்லுக்குள் கோரை முளைக்கிறது. எனக்குக் கோரைக்கிழங்கு என்றால் உயிர். தோண்டித் தின்றுவிடட்டுமா?"

"குழி விழும்! அங்கேயே நில்!"

இப்படிப்பட்ட பூங்காவனத்துக்கும் ஓர் ஆசை இருந்தது. அதற்குக் குட்டிகள் இல்லை. உடன்பிறந்த முயல்களெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டன. ஏதாவது ஒரு குட்டி தன்னை "அத்தை!" என்று கூப்பிட வேண்டும். அதுதான் அந்த ஆசை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த மான்குட்டி பத்து நாள் புதருக்குள்ளேயே இருக்கும். பதினோராம் நாள் அதைப் பசும்புல் முற்றம் ஒன்றுக்கு அழைத்து வருவார்கள். எல்லாரும் சுற்றி நிற்க, குட்டி அங்கே தன் முதல் துள்ளலைத் துள்ளும். அதுவரை வேறு யாரும் அந்தப் புல்லில் கால் வைக்கக் கூடாது. யாருடைய முற்றமோ, அவர் அந்தக் குட்டிக்கு ஆயுள் முழுக்க அத்தை அல்லது மாமன். குட்டிக்குப் பெயர் வைப்பதும் அவர்தான்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் சொர்ணம் என்ற புள்ளிமான் பூங்காவனத்தைத் தேடி வந்தது.

"எனக்கு இன்று விடியலில் ஆண் குட்டி பிறந்திருக்கிறது, பூங்காவனம். துள்ளலை உன் முற்றத்தில் வைக்கலாம் என்றிருக்கிறேன். சம்மதமா?"

பூங்காவனத்தின் இரண்டு காதுகளும் விறைத்து நின்றன. "சம்மதமாவா!" என்று கத்தியது. மூன்று குட்டிக்கரணம் போட்டது. மூன்றும் முற்றத்துக்கு வெளியேதான்!

மான் போன பிறகுதான் அதற்குக் கவலை பிடித்தது.

'இன்னும் பத்து நாள் இருக்கிறதே! அதற்குள் யாராவது மிதித்துவிட்டால்? எருமை எதையாவது போட்டுவிட்டுப் போனால்? வெயில் சுட்டுவிட்டால்?'

உடனே தேக்கங்காட்டுக்கு ஓடியது. முறம் முறமாக இருந்த தேக்கிலைகளை இழுத்து வந்தது. முற்றத்தை ஒரு விரற்கடைகூடத் தெரியாமல் மூடியது. ஓரங்களில் கல்லை வைத்து அழுத்தியது.

"என்ன அக்கா இது? புல்லுக்கு வெயில் வேண்டாமா?" என்றது வேலாயுதம்.

"வெயிலில் கிடந்தால் எதுவும் வாடும். நிழலில் இருந்தால் வாடாது. இதுகூடத் தெரியாமல் நீயெல்லாம் முற்றம் வைத்திருக்கிறாய்!"

பத்து நாளும் பூங்காவனம் இலைகளைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. ஆனால் நாற்பது நடைத் தண்ணீரைத் தவறாமல் இலைகளின் மேல் ஊற்றியது. தண்ணீர் தேக்கிலையில் வழுக்கி, நேரே வேலாயுதத்தின் முற்றத்துக்கு ஓடியது.

"ரொம்ப நன்றி அக்கா!" என்று வேலாயுதம் தினமும் சொன்னது. பூங்காவனத்துக்கு ஏனென்று புரியவில்லை.

பதினோராம் நாள் விடிந்தது. பூங்காவனம் முகம் கழுவி, மீசையை நீவிவிட்டுக்கொண்டு, முதல் இலையைத் தூக்கியது.

இரண்டாவது இலையைத் தூக்கியது.

பிறகு எல்லா இலைகளையும் வாரி வீசியது.

புல் இருந்தது. பச்சைதான் இல்லை! முற்றம் முழுவதும் வேகவைத்த சேமியா போல் வெளுத்து, மஞ்சளித்து, தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"ஐயோ!" என்று அலறியது பூங்காவனம்.

"ஐயோ! ஐயோ! ஐயோ!" என்று முற்றத்துக்குப் பக்கத்திலிருந்த கொய்யா மரம் பதிலுக்கு அலறியது. மரம் முழுக்கக் கிளிகள். நூற்றைம்பது கிளிகள்! அவற்றுக்குத் தலைவி பச்சையம்மா.

பூங்காவனம் தலையை நிமிர்த்திப் பார்த்தது. மேலே ஒரே பச்சை. கீழே பார்த்தது. ஒரே மஞ்சள். மறுபடி மேலே பார்த்தது.

"பச்சையம்மா! உன் கூட்டத்தோடு கொஞ்சம் கீழே இறங்கி வருகிறாயா?"

"எதற்கு? நேற்றுவரை எங்களைக் கண்டால் கல்லைத் தூக்குவாயே!"

"இன்று நீங்கள் புல்லாக இருக்க வேண்டும்!"

"புல்லாகவா?"

"கொஞ்ச நேரம்தான்! வரிசையாக உட்கார்ந்து, தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மூக்கு வெளியே தெரியக் கூடாது. பேசவே கூடாது. இந்த மரத்தில் இருக்கும் கொய்யா எல்லாம் உங்களுக்கு!"

"மரம் உன்னுடையதா?"

"இல்லை."

"சரி, பரவாயில்லை!" என்றது பச்சையம்மா. கிளிகளுக்கு வேடிக்கை என்றால் போதும். சடசடவென்று இறங்கி, இடித்துப் பிடித்து உட்கார்ந்தன. முற்றம் மின்னும் பச்சையாக மாறிவிட்டது!

"அக்கா, நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டது வேலாயுதம்.

"நீ சிரிக்காமல் இரு. அது போதும்!"

முள்ளம்பன்றி சிரித்தால் முள்ளெல்லாம் கலகலவென்று ஆடும். வேலாயுதம் வாயில் ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு நின்றது.

விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது யானை பெரியசாமி. முற்றத்து ஓரத்தில் நின்று கண்களை இடுக்கிக்கொண்டு பார்த்தது.

"ஆகா, என்ன பசுமை!" என்றது.

"ஆகா, என்ன பசுமை!" என்றது முற்றம்.

யானை திடுக்கிட்டது. "யார் பேசியது?"

"யார் பேசியது?" என்று கேட்டது முற்றம்.

"எதிரொலி அண்ணே!" என்றது பூங்காவனம் அவசரமாக. "புல் அடர்த்தியாக இருந்தால் எதிரொலி கேட்கும்!"

"அப்படியா? என் வயதுக்கு நான் கேட்டதே இல்லையே!"

அந்த நேரம் பார்த்து ஓர் எறும்பு ஒரு கிளியின் காலைக் கடித்தது. அந்தக் கிளி பக்கத்துக் கிளியை இடித்தது. அது அடுத்ததை இடித்தது. முற்றம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அலை அலையாக எழுந்து அடங்கியது.

"காற்று!" என்றது பூங்காவனம்.

"ஓர் இலைகூட அசையவில்லையே அம்மா!"

"தரைக்காற்று அண்ணே!"

யானை துதிக்கையைத் தாழ்த்தி இன்னும் உற்றுப் பார்த்தது. "பூங்காவனம், உன் புல்லுக்கு ஒரு கண் இருக்கிறது. அது என்னைப் பார்க்கிறது!"

வேலாயுதத்தின் முட்கள் கலகலவென்று ஆடின. கல் வாயிலிருந்து விழுந்தது.

பூங்காவனம் பதில் தேடுவதற்குள், "வருகிறார்கள்! வருகிறார்கள்!" என்று கூட்டம் விலகியது. சொர்ணம் தன் குட்டியோடு வந்தது. குட்டிக்கு விளக்குமாற்றுக் குச்சி போன்ற கால்கள். நான்கும் நான்கு பக்கம் போயின. பெரிய கண்களால் அது எல்லாரையும் பார்த்தது. பூங்காவனத்தையும் பார்த்தது.

"அதுதான் அத்தை," என்று சொர்ணம் காட்டியது.

"அத்தை!" என்றது குட்டி.

அவ்வளவுதான். பூங்காவனத்தின் நெஞ்சு உருகி ஓடிவிட்டது.

குட்டி முற்றத்தின் ஓரத்துக்கு வந்து மூக்கை நீட்டியது. மூக்கு பட்ட இடம் கிச்சுகிச்சென்று சிரித்தது. குட்டிக்குக் குதூகலம் தாங்கவில்லை. பின்னங்கால்களை மடக்கியது. துள்ளத் தயாரானது!

அப்போதுதான் பூங்காவனத்துக்கு விஷயம் உறைத்தது. குட்டி குதிக்கப்போவது வழுவழுப்பான நூற்றைம்பது முதுகுகளின் மேல்! கால் சறுக்கினால் அந்தக் குச்சிக் கால் என்ன ஆகும்? கிளிகள் என்ன ஆகும்?

வாயைத் திறந்தால் இந்தப் பிறவியில் அத்தையாக முடியாது. திறக்காவிட்டால் குட்டிக்குக் கால் முறியும்.

"துள்ளாதே கண்ணே!" என்று வீறிட்டது பூங்காவனம். "அது புல் இல்லை!"

"அது புல் இல்லை! அது புல் இல்லை! அது புல் இல்லை!" என்று நூற்றைம்பது குரல்கள் கூவின. படபடவென்று ஒரே சத்தம். முற்றம் தரையை விட்டுக் கிளம்பியது! மரத்துக்கு மேலே போனது! ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொய்யா மரத்தில் போய் உட்கார்ந்தது.

யானை பெரியசாமி அண்ணாந்து பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டது. "புல் பறக்கிறது! ஐயையோ, புல் பறக்கிறது!"

குட்டி மட்டும் பயப்படவில்லை. இவ்வளவு அற்புதமான ஒன்றைப் பிறந்ததிலிருந்து அது பார்த்ததில்லை. பறக்கும் பச்சையைப் பிடிக்க ஓடியது. வெறும் மஞ்சள் தரையில் ஒரு துள்ளல்! இன்னொரு துள்ளல்! கீழே விழுந்து, எழுந்து, மறுபடி ஒன்று!

எல்லாரும் மஞ்சள் புல்லைப் பார்த்தார்கள். அப்புறம் பூங்காவனத்தைப் பார்த்தார்கள்.

பூங்காவனத்தின் காதுகள் தொங்கிவிட்டன. "நான்தான் இலை போட்டு மூடினேன், சொர்ணம். புல் வாடிவிட்டது. சொன்னால் நீ வேறு முற்றத்துக்குப் போய்விடுவாயே என்று பயந்தேன்."

"அதற்காக என் பிள்ளையைக் கிளிகள் மேல் ஏறவிடப் பார்த்தாயா!" என்று சொர்ணம் சீறியது.

"தப்புதான். பெரிய தப்பு. அதனால்தான் கத்தினேன்."

யானை எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டது. "பசும்புல்லில் துள்ள வேண்டும் என்பதுதான் வழக்கம். இது பசும்புல் இல்லை. ஆகவே இது செல்லாது!"

சொர்ணம் திரும்பிப் பார்த்தது. குட்டி இன்னும் துள்ளிக்கொண்டே இருந்தது.

"பெரியசாமி அண்ணே, அவன் துள்ளிய துள்ளலை எடுத்து மறுபடி அவன் காலுக்குள் வைக்க முடியுமா?"

யானை யோசித்தது. நன்றாகவே யோசித்தது. "முடியாது."

"அப்படியானால் முதல் துள்ளல் இதுதான். முற்றமும் இதுதான்." சொர்ணம் முயல் பக்கம் திரும்பியது. "ஆனால் நாத்தனாரே, என்னிடம் மறைத்ததற்குத் தண்டனை உண்டு!"

"என்ன தண்டனை?"

"என் பிள்ளை தினமும் இங்கே வருவான். மிதிப்பான், உருளுவான். புல் வளர்ந்ததும் தின்பான். நீ 'போ' என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

பூங்காவனம் எச்சில் விழுங்கியது. "தின்பானா?"

"தின்பான்!"

"ஓரமாகத் தின்றால் போதாதா?"

"நடுவில்தான் தின்பான்!"

"சரி," என்றது பூங்காவனம். அதன் காதுகளில் ஒன்று எழுந்து நின்றது. வெயிலின் அருமை தெரிந்துவிட்டதால் குட்டிக்குக் 'கதிரவன்' என்று பெயர் வைத்தது. அப்போது இன்னொரு காதும் எழுந்து நின்றது.

அன்றே கூட்டம் முழுவதும் முற்றத்தில் இறங்கி ஆடித் தீர்த்தது. பெரியசாமி ஆடிய இடத்தில் நான்கு பள்ளங்கள் விழுந்தன. அவற்றில் தண்ணீர் நின்றது, தவளைகள் குடிவந்தன. வேலாயுதம் கோரையைக் கிழங்கோடு தோண்டித் தின்று ஏப்பம் விட்டது. மண்புழுக்கள் மண்ணைக் கிளறின. மைனாக்கள் பூச்சி பொறுக்கின. பூங்காவனம் வாயில் ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. நாற்பது நடைத் தண்ணீரை மட்டும் விடவில்லை.

பதினைந்து நாளில் அருகு வேர்விட்டு, கணுவுக்குக் கணு தளிர்த்தது. முன்போல் ஒரே மட்டமாக இல்லை. மேடும் பள்ளமுமாக, தவளைச் சத்தத்தோடு, கொழுகொழுவென்று வளர்ந்தது.

கதிரவன் நேரே நடுவில் போய் நின்று ஒரு வாய் கடித்தது.

பூங்காவனத்தின் மீசை துடித்தது.

"அத்தை! இனிக்கிறது! நீங்களும் தின்னுங்கள்!"

பூங்காவனம் அக்கம்பக்கம் பார்த்தது. குனிந்து ஒரு வாய் கடித்தது. இந்த முறை துப்பவில்லை. இரண்டாவது வாய் கடித்தது. மூன்றாவதும் கடித்தது.

"அக்கா, மொட்டையாகிவிடப் போகிறது!" என்று வேலியோரத்திலிருந்து வேலாயுதம் கத்தியது.

"வளரும் தம்பி, வளரும்!" என்றது பூங்காவனம், வாய் நிறையப் புல்லோடு.

பிறர் கால் படாமலும் பிறர் கண் படாமலும் மூடி மூடிக் காப்பாற்றினால், புல்லானாலும் பெருமையானாலும் வாடித்தான் போகும்.