சடையாண்டி மாஸ்டரின் வரிக்கணக்கும் ஓட்டை அண்டாவும்

ஓடைப்புதூரில் கல்யாணச் சமையலுக்குப் பேர்போனவர் சடையாண்டி மாஸ்டர். அவர் வைத்த சாம்பாரைக் குறை சொன்னவர் யாருமில்லை. அவருடைய மூளையைப் புகழ்ந்தவரும் யாருமில்லை. இதில் அவருக்கு வருத்தமே கிடையாது. "எனக்குப் புத்தி கொஞ்சம் மட்டுங்க. அதனாலதான் யோசனை சொல்ல ரெண்டு பேரைக் கூடவே வச்சிருக்கேன்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார். அந்த இருவர் ஒச்சப்பனும் பூமிநாதனும். அவர்களோடு பேசிப் பார்த்த பிறகு, மாஸ்டரே தேவலை என்று ஊர் முடிவுசெய்திருந்தது.

ஆடி மாதம். முகூர்த்தமும் இல்லை, வேலையும் இல்லை. இருந்த ஒரே பெரிய அண்டா அடியில் லேசாக ஒழுக ஆரம்பித்திருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஐந்நூறு பேர் சாப்பாட்டை ஒப்புக்கொண்டாயிற்று. அதற்குள் புது அண்டா வாங்காவிட்டால் மாஸ்டரின் மானம் கப்பலேறிவிடும். கையில் காசில்லை, ஆனால் அரசாங்கத்திடம் இருந்தது. கல்யாண மண்டபத்துக்காரர் வரி என்று பிடித்துக் கட்டிய ஆறாயிரம் ரூபாய். ஜூலை முப்பத்தொன்றுக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும்.

மூவரும் ஆடிட்டர் நமச்சிவாயத்திடம் போனார்கள்.

"சின்னக் கணக்குதான். நான் செஞ்சா ஐந்நூறு. இல்லேன்னா நீங்களே வீட்ல உக்காந்து செஞ்சுக்கலாம், செலவே கிடையாது" என்றார் அவர். நல்ல மனிதர். அந்த நல்ல குணத்துக்காகப் பின்னால் ரொம்ப வருத்தப்பட்டார்.

வீட்டுக்கு வந்து ஆலோசனை நடந்தது.

"ஆடிட்டர் கையால செஞ்சா அது ஆடிட்டர் வரியா ஆகிடாதாண்ணே?" என்று ஒச்சப்பன் ஆரம்பித்தான். "அவர் குளிச்சா உங்க அழுக்கா போகும்?"

மாஸ்டர் அசந்துபோனார். இப்படி ஒரு கோணம் தனக்குத் தோன்றவில்லையே என்று தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். "சரிதான்டா. யார் விரல் படுதோ அவங்க வரி. நானே தட்டுறேன்."

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. தெருமுனையில் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆனால் ஆடிட்டர் 'வீட்ல உக்காந்து' என்றல்லவா சொல்லியிருக்கிறார்? ஆகவே அங்கிருந்து ஒரு லேப்டாப்பை முந்நூறு ரூபாய் வாடகைக்கு எடுத்து, இருநூறு ரூபாய் ஆட்டோவில் ஊரைச் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள்.

"ஐந்நூறை மிச்சம் பிடிக்க ஐந்நூறு ஆச்சு. கணக்கு இடிக்கலை" என்றான் பூமிநாதன். மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்தது.

வருமான வரி இணையதளத்துக்குள் நுழைய ஆறு இலக்க எண் ஒன்று போனுக்கு வரும். மாஸ்டரின் போன் ரசத்தில் விழுந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒச்சப்பன் நம்பர்தான். எண் வந்தது. ஒச்சப்பன் படித்தான். முகம் இறுகிப் போனது. போனை மடியில் கட்டிக்கொண்டான்.

"நம்பர் என்னடா?"

"யாரிடமும் சொல்லாதீர்கள்னு போட்டிருக்குண்ணே."

"நான் யாருடா? பதினஞ்சு வருசமா உனக்குச் சோறு போடுறவன்டா!"

"அந்த நன்றிக்காகத்தான் சொல்ல மாட்டேங்கிறேன். நாளைக்குக் கேஸ் வந்தா மாட்டுறது நீங்கதானே?"

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை விசுவாசமான ஆளைக் கோபித்துக்கொண்டோமே என்று வெட்கப்பட்டார்.

"சரி, காட்டவாவது காட்டு."

"காட்டுறதும் சொல்றதுதாண்ணே."

பூமிநாதன் வெகுநேரம் தாடையைத் தடவினான். "நீ வாயைத் திறக்காதே. கரண்டியால அண்டாவுல அடி. நாலுன்னா நாலு அடி. சொல்றது அண்டாதானே, நீ இல்லையே?"

ஒச்சப்பன் மனச்சாட்சி ஒப்புக்கொண்டது. டங், டங், டங், டங். மாஸ்டர் நாலைத் தட்டினார். அடுத்து ஏழு. மாஸ்டர் ஆறோடு எண்ணிக்கை தவறி விழித்தபோது, "ஏழுண்ணே!" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. தெருவே வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது இலக்கத்துக்குச் சத்தமே வரவில்லை. மாஸ்டர் காத்திருந்தார். தெருவும் காத்திருந்தது. நேரம் முடிந்து எண் செத்துப்போனது.

"ஏன்டா அடிக்கலை?"

"பூஜ்யம்ணே. அடிச்சாத் தப்பில்லையா?"

நியாயமான கேள்வி. மறுபடி ஆலோசித்து, பூஜ்யம் வந்தால் ஒன்றுமில்லை என்பதைத் தெரிவிக்க ஒரே ஒரு அடி அடிப்பது என்று முடிவுசெய்தார்கள். அதன்பிறகு எது பூஜ்யம், எது ஒன்று என்று அடித்தவனுக்கே தெரியவில்லை. தப்பான எண்ணையே மாஸ்டர் திரும்பத் திரும்பத் தட்ட, இன்று இனி முடியாது என்று திரை கைவிரித்தது.

மறுநாள் முப்பத்தொன்று. மாஸ்டர் ஆடிட்டர் எதிரில் கைகட்டி நின்றார். "வெந்நீர் வைக்கிற புத்திகூட எனக்கில்லைங்க சார். வரி உங்களதாவே போகட்டும், அண்டா மட்டும் எனக்கு வேணும்."

ஆடிட்டர் ஐந்நூறை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் நிரப்பினார். பிறகு சாவகாசமாக, "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றார்.

ஒச்சப்பன் மடியை இறுக்கிக்கொண்டான். "யாரிடமும்னு போட்டிருக்கு. நீங்க யாருமில்லையா சார்?"

ஆடிட்டர் சட்டம் சொன்னார், கும்பிட்டார், கத்தினார். சாயங்காலம் ஆறு மணிக்கு மனம் விட்டுப்போய், "அண்டாவை எடுத்துட்டு வாங்க" என்றார். ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படியில் அண்டா ஏறியது, போனுக்குப் புது எண்ணும் வந்தது. படித்தவர் படித்தவர்தான்; "பூஜ்யத்துக்குப் பத்து அடி" என்று ஒரே வார்த்தையில் சிக்கலைத் தீர்த்தார். கடைசி இலக்கம் பூஜ்யம். பத்தாவது அடியில் கணக்கு தாக்கலானது, அண்டாவின் அடியும் பிளந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஆறாயிரமும் வந்து சேர்ந்தது. பளபளவென்று புது அண்டா வாங்கினார்கள். மாஸ்டர் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கோயில் மணி தோற்றது. பூரித்துப்போனார்.

"இதுல ஒரு சொட்டு சாம்பார் படக்கூடாது. கரி ஏறினா சத்தம் மட்டுப்படும். அடுத்த வருசக் கணக்குக்குப் பத்திரமாத் துணி சுத்தி வைங்க."

"அப்ப நாளைக்கு ஐந்நூறு பேருக்குச் சாம்பார்?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"பழசுலயே வைங்க."

"அது அடி பிளந்து கிடக்கேண்ணே!"

மாஸ்டர் கொஞ்சநேரம் யோசித்தார். வாழ்நாளில் முதல்முறையாக யாரையும் கேட்காமல் தானே ஒரு முடிவுக்கு வந்தார்.

"அப்ப சாம்பாரைக் கொஞ்சம் கெட்டியா வைங்கடா."