எண்ணத்துக்கும் பட்டா

ஆலங்கோட்டை அரசர் கோதண்டவர்மருக்குக் கணினி மேல் ஒரு மோகம். அரண்மனைக்கு மென்பொருள் எழுத ஆள் வேண்டுமென்றார். வந்து சேர்ந்தவள் தில்லையம்மா. அவளுக்கு வேலை ஓலை எழுதிக் கொடுத்தவர் அமைச்சர் வச்சிரநாதர்.

ஓலையில் 'முழு அடுக்கு நிரலாளர்' என்றிருந்தது. கண்ணுக்குத் தெரியும் திரையையும் தெரியாத தரவுக் கிடங்கையும் ஒருத்தியே கட்ட வேண்டும் என்று பொருள். 'இதர பணிகள்' என்றும் இருந்தது. அந்த இரண்டு சொல்லால் அவள் அந்தப்புரத்து மின்விசிறியைக்கூடப் பழுது பார்த்தாள். ஏழாம் விதி அறிவுசார் சொத்துரிமை பற்றியது. அதை அவள் படிக்கவில்லை. கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்க நேரம் கொடுத்த எசமான் எந்த நாட்டில் இருந்தான்?

ஒரு விடுமுறை நாளில், தன் வீட்டில், தன் சொந்தக் கணினியில் அவள் ஒரு செயலி எழுதினாள். ஆற்றின் மேல் மதகில் நிற்பவர் நீர்மட்டம் ஏறுவதைக் கைபேசியில் தட்டிவிட்டால் போதும், கீழ்த்துறை ஓடக்காரர்களின் கைபேசிகள் அலறும். அந்த மாதமே இரண்டு ஓடங்கள் தப்பின.

அமைச்சருக்கு மூக்கில் வியர்த்தது. அவளைச் சபைக்கு இழுத்தார்.

"ஏழாம் விதி, அரசே! வேலை நேரத்திலோ வீட்டிலோ, பணியாளர் மனத்தில் உதிக்கும் எண்ணம் ஒவ்வொன்றும் உதித்த கணமே அரசருக்குச் சொந்தம். செயலி நமது. இனி அரண்மனைப் படகுகளுக்கு மட்டும்தான் அலறும்."

தில்லையம்மா அரசர் முன் வந்து நின்றாள். ஐப்பசி மழைக்கு இன்னும் நான்கே நாள்.

"கீழ்த்துறையில நூறு ஓடம் இருக்கு, மகாராஜா!"

"கையெழுத்து உன்னுடையதுதானே?" என்றார் அரசர். அவள் தலை கவிழ்ந்தது.

அரசவை விகடர் மாசிலாமணி எழுந்தார். "அமைச்சர் சொல்வதே சரி. எண்ணமெல்லாம் அரசருடையதுதான்."

இவருமா என்று அவளுக்குப் பகீரென்றது. அவரோ அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்த நிமிஷம் உன் மனசுல என்ன ஓடுது? மறைக்காமச் சொல்லு."

"சொன்னா தலை போயிடும், ஐயா."

"எண்ணமே உன்னுது இல்லையே, உன் தலை ஏன் போகுது?"

விகடர் கண்ணைச் சிமிட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்தாள்.

"ஓடக்காரன் செத்தா சாகட்டும்னு நினைக்கிறவர் அமைச்சரா இருக்க லாயக்கில்ல!"

"என்ன திமிர்! மூளை கெட்ட எண்ணம்!" என்று கத்தினார் வச்சிரநாதர்.

மாசிலாமணி காதைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ! உதித்த கணமே அது அரசரின் எண்ணமாயிற்றே! அரசருக்கா மூளை கெட்டுவிட்டது?"

அரசரின் மீசை துடித்தது. அமைச்சர் பதறிக் கைகளை ஆட்டினார்.

"இல்லை, இல்லை! அது அவள் எண்ணம்! முழுக்க முழுக்க அவளுடையது!"

"சபையோர் கேட்டீர்களா? அவள் எண்ணம் அவளுடையதாம். அப்படியானால் செயலியும் அவளுடையதுதான்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. ஏழாம் விதியைத் தம் கையாலேயே கோடிட்டு அடித்தார். "தில்லையம்மா, என்ன பரிசு வேண்டும்?"

"மேல் மதகுல ஓடக்காரங்களே முறை வச்சு நிக்கிறாங்க, மகாராஜா. மழை வந்துட்டா ஓடத்தைப் பார்ப்பாங்களா, மதகைப் பார்ப்பாங்களா? மழையில நின்னு நீர்மட்டம் பார்க்க ஒரு ஆள் கொடுங்க."

அரசர் மெல்லத் திரும்பினார்.

"வச்சிரநாதரே, உம்முடைய வேலை ஓலையிலும் 'இதர பணிகள்' உண்டல்லவா?"