கரிச்சான் சொன்ன குறை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் அமலோற்பவம் டீச்சர். என் நடு மகன் பள்ளிக்கூட அணியில் கூடைப்பந்து ஆடிய வருஷம் அது. ஒரு சனிக்கிழமை மழை வந்து ஆட்டம் நின்றுபோக, நாங்கள் அம்மாமார் எல்லாரும் சைக்கிள் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றோம். மழை விடுகிற வரைக்கும் டீச்சர் இதைச் சொன்னார். கேட்டபடி சொல்கிறேன். எங்காவது மறந்து மாற்றிச் சொன்னால் ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஒரு காட்டில் மருதமடு என்று ஒரு குளம் இருந்தது. கிழக்கரையில் ஒரு கூட்டம், மேற்கரையில் ஒரு கூட்டம். மழைக்காலத்தில் இரண்டு கூட்டமும் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும். கோடை வந்தால்தான் வம்பு! குளம் வற்றி நடுவில் ஒரு குழி அளவுக்குத் தண்ணீர் நிற்கும். முதலில் குடிப்பவருக்குத் தெளிந்த தண்ணீர். பிறகு குடிப்பவருக்குச் சேறு.

முன்னொரு காலத்தில் இதற்காக ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு ஏற்பாடு வந்தது. தூக்கணாங்குருவிகள் அடியில்லாத இரண்டு கூடுகளைப் பின்னி, எதிரெதிரே இரண்டு மருத மரங்களில் தொங்கவிட்டன. காய்ந்த சுரைக்காயில் நார் சுற்றினால் அதுதான் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். கை, கொம்பு, தலை எதனாலும் பந்தைத் தொடலாம். யார் முதலில் பதினைந்து முறை கூடைக்குள் போடுகிறார்களோ, அந்தக் கோடை முழுக்க அவர்களுக்கே முதல் தண்ணீர்!

கிழக்கரையில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, வால் மட்டும் இரண்டாகப் பிளந்திருக்கும். அது ஒரு நாளும் ஆடியதில்லை. ஆனால் ஆட்டத்தைப் பார்ப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. தினமும் சாயங்காலம் ஆட்டப் பயிற்சி முடிந்ததும் ஒரு பட்ட மரத்தின் நுனியில் உட்கார்ந்து பேசும். இரண்டு கரைக்காரர்களும் வந்து கேட்பார்கள்.

"மேற்கரைக் கரடி மொத்தன் இருக்கானே, குதிக்கிறதுக்கு முன்னால இடது தோளைச் சாய்ப்பான். தோளைப் பார்த்தாப் போதும், பந்தைப் பார்க்கவே வேண்டாம்!"

"நம்ம முயல் யாருக்குக் கொடுக்கப் போறானோ அவனையே பார்க்கான். அப்புறம் எதிராளிக்குத் தெரியாம இருக்குமா?"

"நம்ம குரங்கு வாலன் எறிஞ்சா அழகுதான். ஆனா யாராவது கை தட்டினாப் போச்சு, முழங்கை வெளியே போயிரும்!"

எல்லாரும் சிரிப்பார்கள். வாலனும் சிரிப்பான். மறுநாள் முழங்கையை ஒழுங்காக வைத்துக்கொள்வான். கரிச்சான் சொன்னால் அதில் உண்மை இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கரிச்சானுக்கு வீடு என்று ஒன்று உண்டென்றால், அது பூவாயியின் முதுகுதான். பூவாயி ஒரு எருமை. அவள் நடக்கும்போது புல்லிலிருந்து எழும்பும் பூச்சிகளைத் தின்றே கரிச்சான் வளர்ந்தது. அது அவளை அக்கா என்று கூப்பிடும். அவள் அதைத் தம்பி என்பாள்.

பூவாயியும் கிழக்கரை அணியில் ஆடினாள். ஐந்து கோடையாக அவள் ஒரு கூடைகூடப் போட்டதில்லை. மரத்தடியில் போய் நிற்பாள், அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

கரிச்சானுக்குத் தெரியும் அது அவ்வளவுதான் இல்லை என்று. அவள் காலை அகட்டி, பின்புறத்தைக் கரடியின் நெஞ்சில் வைத்து நின்றால் கரடியால் கூடையை நெருங்க முடியாது. வாலன் எறிந்தது தவறினால் பந்து அவள் கொம்புக்குத்தான் வரும். வந்ததும் வைத்துக்கொள்ளமாட்டாள், திரும்பிப் பார்க்காமலே மான் சிட்டாள் பக்கம் தட்டிவிடுவாள். வாலன் அத்தனை அழகாக எறிவதே அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுதான். கிழக்கரை ஐந்து கோடையாகக் குடித்த தெளிந்த தண்ணீர் அவள் நான்கு காலிலும் இருந்தது. இதெல்லாம் கரிச்சான் கண்ணால் கண்டது. ஆனால் பட்ட மரத்தில் உட்கார்ந்து ஒரு நாளும் சொன்னதில்லை. நம் வீட்டு ஆளை நாமே எப்படிப் புகழ்வது என்று விட்டுவிட்டது.

அந்த வருஷம் பங்குனி பிறந்தது. ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மேற்கரைக் கீரி ஒன்று கரிச்சானிடம் வந்தது.

"அண்ணாச்சி! உங்களை மாதிரி நியாயமாப் பேச இந்தக் காட்டுல ஆளே இல்லை. எங்க கரடியே உங்க பேச்சைக் கேட்டுத்தான் தோளைத் திருத்துறான்னாப் பாருங்களேன்!"

கரிச்சானுக்கு நெஞ்சு குளிர்ந்தது. "ஏதோ கண்ணுல பட்டதைச் சொல்லுதேன்" என்றது.

"ஆனா ஒண்ணு. நான் சொல்லலை, சொல்றவங்க சொல்றாங்க..."

"என்ன சொல்றாங்க?"

"ஊரையே குறை சொல்ற அண்ணாச்சி, அந்த எருமையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கமாட்டாரு. தின்ன முதுகு இல்லையா, அப்படின்னு. நான் சண்டைக்கே போயிட்டேன்! எங்க அண்ணாச்சி அப்படியாப்பட்ட ஆளு இல்லன்னு சொல்லிட்டேன்!"

கீரி வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. அது வந்த வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சொல் கரிச்சானின் நெஞ்சில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது. அன்றைக்கு அது சரியாக இரையெடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிது. கரிச்சான் மானைப் பற்றிச் சொன்னது, முயலைப் பற்றிச் சொன்னது, பன்றியைப் பற்றிச் சொன்னது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இனி பூவாயி. எனக்கு வேண்டியவதான். அதுக்காக நியாயத்தை மறைக்க முடியுமா? ஐந்து கோடை ஆச்சு, ஒரு கூடை போட்டதில்லை. ஓட்டம் கிடையாது, குதி கிடையாது. நிற்கிறது ஒரு ஆட்டமா? மரமுந்தான் நிக்குது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேற்கரைக்காரர்கள் புரண்டு சிரித்தார்கள்.

"நின்னுக்கிட்டே பத்து மானு குடிக்கிற தண்ணியை ஒருத்தியாக் குடிக்கிறா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது கிழக்கரை அணிப் பன்றிதான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். இன்னும் பெரிய சிரிப்பு!

"அப்பா! அண்ணாச்சி வீட்டாள்னுகூடப் பார்க்கலையே. இதுல்லா நடுவுநிலை!" என்று ஒரு கிழ நரி மெச்சியது. கரிச்சானுக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. அந்த இனிப்பில் அது கூட்டத்தின் ஓரத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் பூவாயி நின்றிருந்தாள். தலையை ஒரு தரம் ஆட்டினாள், ஈ விரட்டுகிற மாதிரி. பிறகு மெதுவாகத் திரும்பி நடந்தாள்.

அணித்தலைவி மான் சிட்டாளிடம் போய், "என் இடத்துக்கு வேற யாரையாவது பார்த்துக்கம்மா" என்றாள்.

"என்னக்கா இது? ஒரு பேச்சுக்குப் போய்..."

"அவன் சும்மா சொல்லமாட்டான். எல்லார் ஆட்டமும் தெரிஞ்சவன்."

சிட்டாளும் அதற்கு மேல் தடுக்கவில்லை. கரிச்சான் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? பூவாயிக்குப் பதிலாக மயிலைச் சேர்த்தாள். மயில் ஆள் உயரம் எம்பும். பார்க்கக் கண்கொள்ளாது.

கரிச்சான் பூவாயியின் முதுகில் வந்து உட்கார்ந்தது. அவள் எப்போதும் போல நடந்தாள். பூச்சிகள் எழும்பின.

"கோபமா அக்கா?"

"எதுக்குப்பா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால் கரிச்சானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். 'நான் சொன்னது தப்பு' என்று பட்ட மரத்தில் ஏறிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னதை மறுநாளே மாற்றினால் கீரி என்ன சொல்லும்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தது. மறுநாளும் அப்படியே நினைத்தது.

ஆட்டத்தன்று காலையில் இரண்டு கரையும் கூடியது.

தொடக்கத்தில் மயில் எம்பிப் போட்ட முதல் கூடைக்குக் கிழக்கரை ஆர்ப்பரித்தது. ஏழுக்கு ஏழு வரை சமமாகத்தான் போனது. அதற்குப் பிறகு வாலனின் எறி தவறத் தொடங்கியது. அவனுக்கு முன்னால் மறைந்து நிற்க ஒரு முதுகு இல்லை. எறிந்தபோதெல்லாம் முகத்துக்கு நேரே கரடியின் கை! தவறிய பந்து விழும் இடத்தில் மயில் இல்லை, எங்கோ எம்பிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கரடி இரண்டு காலையும் ஊன்றி நின்றான். ஒவ்வொரு பந்தும் அவன் கைக்கே போனது.

பத்துக்கு ஏழு. பன்னிரண்டுக்கு எட்டு.

கரிச்சானால் உட்கார முடியவில்லை. "காலைப் பாருங்க! கரடி காலைப் பாருங்க! பூவாயி இருந்தா அங்கே நிற்பானா அவன்? அவளைக் கூப்பிடுங்க! நான் சொன்னது பொய்! அவதான் ஆட்டமே! அக்கா! அக்கா!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூவாயி எங்கும் இல்லை.

"விடியும்போதே போயிட்டாளே" என்றது ஒரு கிழ ஆமை. "மலைக்கு அந்தப்பக்கம் ஆறு இருக்காம். ஆடாதவ இங்கே பத்து மானு தண்ணியைக் குடிக்கிறது பாவம்னு சொல்லிட்டுப் போனா."

பன்றி தலையைக் குனிந்துகொண்டான்.

பதினைந்துக்கு ஒன்பது. மேற்கரை வென்றது. அந்தக் கோடை கிழக்கரைக்குச் சேறுதான். சிட்டாளின் சின்னக் குட்டி வைகாசியைப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகு கரிச்சான் அங்கே இருக்கவில்லை. மலையைத் தாண்டிப் பறந்தது. ஆறு இருந்தது. ஆற்றில் மணல்தான் இருந்தது. அந்த மணலில் குளம்புத் தடம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கும், பிறகு தண்ணீர் தேடித் தேடி மேலும் கீழுமாகவும் போயிருந்தது. இரண்டு நாள் தடத்தின் மேலேயே பறந்தது. மூன்றாம் நாள் ஒரு பாறையடியில் பூவாயி படுத்திருந்தாள்.

"அக்கா!"

அவள் கண்ணைத் திறந்தாள். "தம்பியா? ஜெயிச்சாங்களா?"

"தோத்துட்டோம். உன்னை ஆடவிடாமத் தோத்துட்டோம்."

கரிச்சான் பறந்து போய் ஒரு பாறையிடுக்கில் இருந்த ஈரத்தை அலகில் எடுத்து வந்து அவள் நாக்கில் விட்டது. திரும்பப் போனது, திரும்ப வந்தது. ஒரு குருவியின் அலகில் எவ்வளவு தண்ணீர் வரும்? கடைசியில் அவளே, "போதும்ப்பா, உட்காரு" என்றாள்.

அது அவள் முதுகில் உட்கார்ந்தது. பிறகு பேசத் தொடங்கியது. ஐந்து கோடையில் அவள் எந்தெந்தப் பந்தை எடுத்தாள், எந்தக் காலை எங்கே வைத்தாள், முதல் கோடையில் கரடி மோதியும் எப்படி அசையாமல் நின்றாள், மூன்றாம் கோடையில் பதினான்குக்குப் பதினான்கு இருந்தபோது பார்க்காமலே எப்படிச் சிட்டாளுக்குத் தட்டிவிட்டாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னது. பட்ட மரத்தில்கூட அது அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"இதெல்லாம் பார்த்தியா நீ?"

"பார்த்தேன் அக்கா. எல்லாம் பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருந்தாக் கேட்க நல்லா இருந்திருக்கும்" என்றாள் பூவாயி. குற்றமாகச் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னாள். வெயில் இறங்குவதற்குள் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

பிள்ளைகளே, பெரியவர்களே, ஊர் நம்மை நியாயவான் என்று மெச்சுவதற்காக வீட்டாளின் நல்லதை மறைத்துக் குறையை மட்டும் சொல்வது நியாயம் அல்ல, அதுவும் பொய்தான்.

இதைக் கேட்டதற்கு எனக்கு ஒன்று செய்யுங்கள். இன்றைக்குச் சோற்றுக்கு உட்காரும்போது, உங்கள் பக்கத்தில் இருப்பவர் நன்றாகச் செய்த ஒரு காரியத்தை அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.