பேச்சு வரும் வேகம்

"ஆமை மாதிரி நடக்கவா மேடம் நான் இருபத்துநாலு வருசம் பட்டாளத்துல இருந்தேன்?"

கேட்டவர் சீனிராஜ். ஓய்வுபெற்ற ஹவில்தார், வயது அறுபத்தாறு. 'தேஜ் சல்' என்று இந்தியில் ஓர் அதட்டல் போட்டு ஆயிரம் பையன்களை விறுவிறுவென்று நடக்க வைத்தவர். இப்போது அவருடைய இதயம் பாதி வேலைகூடச் செய்வதில்லை. நுரையீரலில் நீர் கோத்து, ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்துவிட்டார். மூன்றாம் முறை எழுவது சிரமம் என்று டாக்டர் அவர் மனைவி பாக்கியத்தாயிடம் தாழ்ந்த குரலில் சொன்னது அவர் காதிலும் விழுந்துவிட்டது.

பதில் சொல்ல வேண்டியவள் ஜெனிட்டா. பிசியோதெரபி பிரிவில் இதய நோயாளிகளுக்கு நடை சொல்லிக்கொடுப்பவள். சீனிராஜின் மகளைவிட இளையவள்.

அவள் நீண்ட வராந்தாவைக் காட்டினாள்.

"கொஞ்சம் நடங்க, ஐயா."

சீனிராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பாதி தூரத்தில் ஜெனிட்டா கேட்டாள்:

"பேரன் பேர் என்ன?"

அவர் ஒரு கையைத் தூக்கினார். பொறு என்று அர்த்தம். மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மித்ரன்," என்றார் கடைசியில்.

"பேரன் பேரைச் சொல்ல ஒரு நிமிசம் ஆச்சு. இது நடை இல்ல, ஐயா."

"பின்ன எது நடை?"

"பேசிக்கிட்டே போகணும். பேச்சு நின்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். உடனே குறைச்சிடணும்."

"ஒத்தையில பேசிக்கிட்டுப் போனா பைத்தியம்னு சொல்லுவான்."

"யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

"வீட்டுல பாக்கியத்தாய் மட்டுந்தான் இருக்கா. அவகிட்ட பேச என்ன இருக்கு?"

"அவங்களையே கூட்டிட்டுப் போங்க," என்றாள் ஜெனிட்டா. பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

*

ஒரு வாரம் கழித்து வந்தார். முகமெல்லாம் பெருமை.

"தினமும் தெப்பக்குளத்தைச் சுத்துதோம் மேடம். நானும் அவளும். ரெண்டே நாள்ல ரெண்டு கிலோ ஏறியிருக்கேன். உடம்பு தேறுது!"

"அம்மா என்ன பேசினாங்க?"

"என்ன பேசினாளோ, யாரு கண்டா! அவ பின்னாலல்ல வந்தா."

பாக்கியத்தாய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜெனிட்டா அவளை உள்ளே கூட்டி வந்து அதையே கேட்டாள்.

"நான் என்னத்தப் பேச? இவுக முதுகைப் பார்த்துக்கிட்டே போனேன்."

ஜெனிட்டா குனிந்து சீனிராஜின் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"ஏறினது சதை இல்ல ஐயா, தண்ணி. இன்னைக்கு நடை கிடையாது. டாக்டரைப் பாருங்க."

டாக்டர் பார்த்தார், படுக்க வைத்துவிட்டார். மூன்றாம் முறை.

ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளும் சீனிராஜுக்குப் பயமாக இருந்தது. வெளியில் சொல்லவில்லை, பட்டாளத்துக்காரர் அல்லவா! பாக்கியத்தாய்க்கு அதைவிடப் பயம். அவளும் சொல்லவில்லை. இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

பாடுபட்டு எழுந்துவிட்டார்.

*

மறுபடியும் நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஜெனிட்டா இருவரையும் வராந்தாவில் நிறுத்தினாள்.

"அம்மா, நீங்க முன்னால போங்க. ஐயா, அவங்களை முந்தக்கூடாது."

பாக்கியத்தாய்க்குக் கால் வரவில்லை. ஒருநாளும் செய்யாத காரியம். மூன்று எட்டு வைத்தாள், திரும்பிப் பார்த்தாள், நின்றுவிட்டாள். சீனிராஜ் வந்து சேர்ந்தார். அதன் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள்.

"போர்வெல் தண்ணி உப்பாயிட்டு வருது," என்றாள் பாக்கியத்தாய்.

"ம்."

"'ம்' எல்லாம் பேச்சுல சேராது, ஐயா," என்று பின்னாலிருந்து ஜெனிட்டா குரல் கொடுத்தாள்.

சீனிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டார். "எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமாவா!"

வராந்தா முடிந்தது. திரும்பினார்கள். தண்ணீரிலிருந்து பேச்சு முருங்கைக்குப் போய், முருங்கையிலிருந்து மகள் வீட்டுக்குப் போயிற்று. புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தபோதும் சீனிராஜ் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார். சுவரைத் தொடவேயில்லை.

"மூச்சு வாங்கலதான். ஒத்துக்கிடுதேன் மேடம்," என்றார். "ஆனா ரோட்டுல இப்படி அன்னநடை போட்டா ஊரே சிரிக்கும். இதுக்கு வீட்டுலயே கிடந்துரலாம். நான் எப்படி நடந்த ஆளு தெரியுமா?"

"எனக்குத் தெரியாது, ஐயா," என்றாள் ஜெனிட்டா. பாக்கியத்தாய் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா, அம்மா?"

பாக்கியத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாமலா? முப்பத்தெட்டு வருசமா பின்னாலயே ஓடுதேன். கோயிலுக்கும் ஓட்டந்தான், கல்யாண வீட்டுக்கும் ஓட்டந்தான். பெரியவ வயித்துல எட்டு மாசம், அப்பவும் ஓட்டந்தான்."

சீனிராஜ் பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அவளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"ஏளா, ஒருநாளாவது 'மெதுவாப் போங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல?" என்றாள் பாக்கியத்தாய். "மூச்சு வாங்குச்சே."